கைநாட்டுக்கு முன்னால்: பச்சிளங்குழந்தைகள் மீதான மருத்துவச் சோதனைகளும் நம் சம்மதமும்



இந்த நினைவுச் சொற்பொழிவு வரிசையில் தன்வரலாறு பற்றிப் பேசியிருக்கிறோம், பஞ்சமி நிலம் பற்றிப் பேசியிருக்கிறோம், இட ஒதுக்கீடு பற்றிப் பேசியிருக்கிறோம். இந்த ஆண்டுக்கான தலைப்பை நான் சொன்னபோது தோழர்கள் சிலர், "இலக்கிய மேடையில் ஆஸ்பத்திரி எதற்கு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பேச்சின் முடிவில் பதில் சொல்கிறேன்.

முதலில் நாம் எல்லோரும் அறிந்த ஒரு செய்தியை நினைவூட்டுகிறேன். அண்ணல் அம்பேத்கருக்கும் அன்னை ரமாபாய்க்கும் ஐந்து குழந்தைகள். அவர்களில் யஷ்வந்த் ஒருவர்தான் வளர்ந்து ஆளானார். மற்ற நான்கு பிள்ளைகளும் சிறு பருவத்திலேயே போய்விட்டன. கடைசிப் பிள்ளை ராஜரத்னா இறந்தது 1926இல். இரண்டு ஆண்டுகள் கழித்து 1928இல், பம்பாய் சட்டசபையில், ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுக்கான மகப்பேறுச் சலுகை மசோதாவை ஆதரித்து அண்ணல் பேசினார். பிறந்த குழந்தை சாவது வீட்டுத் துக்கத்தோடு முடிகிற விஷயம் இல்லை, அது அரசியல் என்பதை அவரிடமிருந்துதான் நாம் கற்கிறோம்.

இன்றும் நிலைமை முழுதாக மாறிவிடவில்லை. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 25 குழந்தைகள் முதல் 28 நாட்களுக்குள் இறக்கின்றன. பட்டியல் சாதி, பழங்குடி வீடுகளில் இந்த எண் சராசரியைவிட அதிகம். ஆகவே பச்சிளங்குழந்தை மருத்துவம் என்பது நம் வீட்டு விஷயம். அந்த மருத்துவம் எப்படி உருவாகிறது, யார் உடம்பின் மீது உருவாகிறது என்று கேட்பதும் நம் வேலை.

அந்தக் கேள்வி எழும்போதெல்லாம் நம் தெருக்களில் ஒரு முழக்கம் கேட்கும்: "எங்கள் குழந்தைகள் என்ன சோதனை எலிகளா?" நானும் அந்த முழக்கத்தை எழுப்பியவள்தான். இன்றும் எழுப்புவேன். ஆனால் அந்த முழக்கத்தோடு நின்றுவிட்டால் நாம் பாதி வழியில் நிற்கிறோம் என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

சோதனை செய்யாததும் ஒரு சோதனைதான்

மருத்துவச் சோதனை என்றால் என்ன? ஒரு மருந்தோ சிகிச்சை முறையோ பயன் தருமா, கெடுதல் செய்யுமா என்று தெரியாதபோது, நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் புதியதையும் மறு குழுவுக்குப் பழையதையும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது. யார் எந்தக் குழு என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்கக் கூடாது. சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல அது முடிவாகும். கேட்டவுடன் நமக்கு வயிறு கலங்குகிறது. என் குழந்தையின் உயிரைச் சீட்டுக் குலுக்கியா முடிவு செய்வீர்கள்?

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் ஒரு பழைய கதையைப் பார்ப்போம். 1940களில் அங்கே குறைமாதக் குழந்தைகளுக்காகப் புதிய இன்குபேட்டர்கள் வந்தன. மூச்சுவிடச் சிரமப்படும் குழந்தைக்கு ஆக்சிஜனைத் தாராளமாகத் திறந்துவிட்டார்கள். குழந்தையின் நீலம் பாரித்த உடம்பு சிவக்கும். பார்க்கிற எல்லோருக்கும் நிம்மதி. 1942இல் பாஸ்டன் நகரத்துக் கண் மருத்துவர் தியோடர் டெர்ரி, குறைமாதத்தில் பிறந்து பிழைத்த குழந்தைகளிடம் ஒருவகைக் குருட்டுத்தன்மையைக் கண்டு எழுதினார். அடுத்த பத்தாண்டுகளில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் அப்படிப் பார்வை இழந்தன. காரணம் புரியவில்லை. 1951இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் கேட் கேம்ப்பெல் என்ற பெண் மருத்துவர், ஆக்சிஜன்தான் காரணமோ என்று சந்தேகம் எழுப்பினார்.

சந்தேகத்தைத் தீர்க்கச் சோதனை தேவைப்பட்டது. வாஷிங்டனில் ஏழைகள் வரும் ஒரு நகராட்சி மருத்துவமனையில் முதலில் சிறு அளவில் செய்தார்கள். அங்கே இரவுப் பணியில் இருந்த செவிலியர் சிலர், குறைந்த ஆக்சிஜன் குழுவிலிருந்த குழந்தைகளைப் பார்த்து மனம் பொறுக்காமல், யாரும் பார்க்காதபோது குழாயைத் திருகிக் கூட்டிவைத்தார்கள். கருணையால்தான் செய்தார்கள். அந்தக் கருணைதான் குழந்தையின் கண்ணைப் பறிக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. பிறகு 1953-54இல் 18 மருத்துவமனைகள் சேர்ந்து பெரிய சோதனை நடத்தின. அளவுக்கு மீறிய ஆக்சிஜனே பார்வை இழப்புக்குக் காரணம் என்று உறுதியானது.

கதை அங்கே முடியவில்லை. அந்தச் சோதனையில் குழந்தைகளைச் சேர்த்தது பிறந்து 48 மணி நேரம் ஆன பிறகுதான். ஆனால் முடிவு வந்ததும், பிறந்த நொடியிலிருந்தே எல்லாக் குறைமாதக் குழந்தைகளுக்கும் ஆக்சிஜனைக் குறைத்துவிட்டார்கள். முதல் இரண்டு நாட்களில் ஆக்சிஜனைக் குறைத்தால் என்ன ஆகும் என்று யாரும் சோதித்திருக்கவில்லை. பார்வை இழப்பு குறைந்தது, முதல் நாள் சாவு கூடியது. ஒரு குழந்தையின் பார்வையைக் காப்பாற்றியதற்கு 16 குழந்தைகளின் உயிர் விலையாகியிருக்கலாம் என்று 1973இல் கென்னத் கிராஸ் என்ற ஆய்வாளர் கணக்கிட்டார்.

இன்னொரு எடுத்துக்காட்டு. 1950களில் குறைமாதக் குழந்தைகளுக்குக் கிருமித்தொற்று வந்துவிடக் கூடாது என்று முன்கூட்டியே குளோராம்பெனிக்கால் என்ற மருந்தைக் கொடுத்து வந்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்து 1959இல் வெளியான ஒப்பீட்டில், மருந்தே கொடுக்காத குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இறந்திருந்தது. குளோராம்பெனிக்கால் பெற்ற குழந்தைகளிலோ பாதிக்கும் மேல் இறந்திருந்தன. குறைமாதக் குழந்தையின் ஈரலால் அந்த மருந்தை உடைத்து வெளியேற்ற முடியவில்லை. உடம்பு சாம்பல் நிறமாகிச் செத்துப்போயின. அந்த ஒப்பீடு நடக்காமல் போயிருந்தால் மருந்து தொடர்ந்திருக்கும். சாவுக்குத் தொற்றைக் காரணம் சொல்லியிருப்பார்கள்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? சோதிக்காத சிகிச்சையும் ஒரு சோதனைதான். அதற்குப் படிவம் கிடையாது, பதிவேடு கிடையாது, எண்ணிப் பார்க்க ஆள் கிடையாது. அரசு மருத்துவமனையை மட்டுமே நம்பியிருக்கிற மக்கள்தான் அந்தக் கணக்கில்லாத சோதனைக்கு அதிகம் ஆளாகிறார்கள். ஆகவே "சோதனையே கூடாது" என்பது நம் கோரிக்கையாக இருக்க முடியாது.

மறைக்கப்பட்ட வாக்கியம்

அப்படியென்றால் நம் கோபம் எங்கே நிற்க வேண்டும்? மறுபடியும் ஆக்சிஜனிலிருந்தே தொடங்குகிறேன். எவ்வளவு ஆக்சிஜன் சரியான அளவு என்ற கேள்வி ஐம்பது ஆண்டுகள் கழித்தும் தீரவில்லை. 2005 முதல் 2009 வரை அமெரிக்காவில் 'சப்போர்ட்' என்ற பெயரில் பெரிய சோதனை நடந்தது. 24 முதல் 27 வாரங்களுக்குள் பிறந்த 1,316 குழந்தைகள். ஒரு குழுவுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 85 முதல் 89 சதவீதம், மற்றொரு குழுவுக்கு 91 முதல் 95 சதவீதம். 2010இல் முடிவு வந்தது. குறைந்த அளவுக் குழுவில் 19.9 சதவீதக் குழந்தைகள் இறந்தன, கூடுதல் அளவுக் குழுவில் 16.2 சதவீதம். பிழைத்தவர்களில் கடுமையான கண் பாதிப்பு குறைந்த அளவுக் குழுவில் 8.6 சதவீதம், கூடுதல் அளவுக் குழுவில் 17.9 சதவீதம்.

இந்த அறிவு உலகத்துக்குத் தேவையான அறிவு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2013 மார்ச்சில் அமெரிக்க அரசின் மனித ஆய்வுப் பாதுகாப்பு அலுவலகம் ஒரு குற்றச்சாட்டை வைத்தது. எந்தக் குழுவில் விழுகிறது என்பதைப் பொறுத்துக் குழந்தையின் உயிருக்கோ பார்வைக்கோ ஆபத்து மாறலாம் என்பதைப் பெற்றோரிடம் கொடுத்த படிவங்கள் தெளிவாகச் சொல்லவில்லை என்றது. எதைக் கண்டுபிடிக்கச் சோதனையே நடந்ததோ, அந்த வாக்கியம் படிவத்தில் இல்லை. இரண்டு அளவுகளும் அப்போது வழக்கத்தில் இருந்தவைதானே என்று மருத்துவர்கள் பலர் ஆய்வாளர்களுக்கு ஆதரவாக நின்றார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் நடந்த பொதுக் கூட்டத்தில் பெற்றோர்கள் வந்து பேசினார்கள். தெரிந்திருந்தால் ஒப்பியிருக்க மாட்டோம் என்பது அவர்கள் முறையீடு.

பெற்றோர் சிலர் வழக்கும் போட்டார்கள். சோதனையால்தான் இந்தப் பாதிப்பு என்பதை நிரூபிக்கவில்லை என்று நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மாணவர்கள் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். குறைமாதக் குழந்தை ஏற்கெனவே சாவின் விளிம்பில் இருக்கிறது. அது இறந்தால், எப்படியும் இறந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். தனி ஒரு தாயால் அதை ஒருநாளும் மறுத்து நிரூபிக்க முடியாது. அதனால்தான் சாவுக்குப் பின் கிடைக்கும் நீதியை மட்டும் நம்ப முடியாது என்கிறேன். நீதி கையெழுத்துக்கு முன்னாலேயே தொடங்க வேண்டும்.

"அவங்களுக்கு இதுவே அதிகம்"

அமெரிக்காவின் ஒரு மருந்து நிறுவனத்தின் திட்டத்துக்கு வருகிறேன். குறைமாதக் குழந்தையின் நுரையீரல் ஒட்டிக்கொள்ளாமல் விரிந்திருக்கச் 'சர்ஃபாக்டன்ட்' என்ற பொருள் வேண்டும். அதை மருந்தாகக் கொடுப்பது 1990லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்ற, உயிர் காக்கும் சிகிச்சை. 2001இல் டிஸ்கவரி லேப்ஸ் என்ற நிறுவனம் தன்னுடைய புதிய சர்ஃபாக்டன்ட்டைப் பொலிவியா உள்ளிட்ட லத்தீன் அமெரிக்க நாடுகளில் 650 குறைமாதக் குழந்தைகளிடம் சோதிக்கத் திட்டமிட்டது. அதில் பாதிக் குழந்தைகளுக்கு மருந்தே கிடையாது, வெறும் போலிச் சிகிச்சை. அமெரிக்காவில் அப்படி ஒரு சோதனையை நடத்தவே முடியாது. இருக்கிற மருந்தைக் கொடுக்காமல் குழந்தையைச் சாகவிடுவது அங்கே குற்றம். 'பப்ளிக் சிட்டிசன்' என்ற அமைப்பின் பீட்டர் லூரியும் சிட்னி வுல்ஃபும் இதை வெளியே கொண்டுவந்து கண்டித்தார்கள். திட்டம் மாற்றப்பட்டது.

அந்தத் திட்டத்துக்குச் சொல்லப்பட்ட நியாயத்தைக் கவனியுங்கள். அந்த நாட்டு ஏழைக் குழந்தைகளுக்கு எப்படியும் சர்ஃபாக்டன்ட் கிடைக்கப்போவதில்லை, ஆகவே போலிச் சிகிச்சைக் குழு எதையும் இழக்கவில்லை, மருந்துக் குழுவுக்கு லாபம்தானே என்பது வாதம்.

தோழர்களே, இந்த வாதத்தை நாம் வேறு எங்கோ கேட்டிருக்கிறோம் இல்லையா? தனிக் குவளையில் டீ ஊற்றியவன் சொன்னதும் இதுதான்: அவங்களுக்கு வீட்டில் இதுகூடக் கிடைக்காது. காலனிக்குப் போடும் ரோடு மெலிதாக இருந்தால் சொல்வதும் இதுதான்: முன்னால் இதுவும் இல்லையே. முதலில் ஒரு மக்களிடமிருந்து எல்லாவற்றையும் பறித்துவிட வேண்டும். பிறகு அந்த வெறுங்கையையே அளவுகோலாக வைத்து, அதற்கு மேல் எது கொடுத்தாலும் தானம் என்று சொல்ல வேண்டும். சாதி இப்படித்தான் இயங்குகிறது. உலக மருத்துவச் சந்தையும் சமயம் கிடைத்தால் இப்படித்தான் இயங்கும். சமூகவியல் வகுப்பில் நான் படித்த பல கோட்பாடுகளைவிட, டீக்கடைக் குவளை இதை எனக்கு வேகமாகப் புரியவைத்தது.

நம் நாட்டுக் கணக்கு

இந்தியாவுக்கு வருவோம். 2008இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்ட கேள்விக்கு டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை பதில் தந்தது. 2006 ஜனவரி முதல் இரண்டரை ஆண்டுகளில் 42 சோதனைகளில் 4,142 குழந்தைகள் சேர்க்கப்பட்டன. அவர்களில் 2,728 பேர் ஒரு வயதுக்கும் குறைந்தவர்கள். 49 குழந்தைகள் இறந்தன. கடுமையான நோயோடு வந்த குழந்தைகள் நோயால்தான் இறந்தன என்பது மருத்துவமனையின் விளக்கம். அது உண்மையாகவே இருக்கலாம். என் கேள்வி வேறு. ஒரு குடிமகன் சட்டத்தைக் கையில் எடுத்துக் கேட்கும்வரை இந்த எண்கள் ஏன் பொதுவில் இல்லை?

பச்சிளங்குழந்தை அல்லாத இன்னொரு நிகழ்வையும் சொல்கிறேன். சம்மதம் என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் என்ன அர்த்தம் என்று காட்டுவது அது. 2009-10இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டார்கள். கம்மத்தில் பலர் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள். ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வெளிவந்து 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. சாவுகளுக்குத் தடுப்பூசி காரணம் அல்ல என்றது விசாரணை. ஆனால் 2013இல் வந்த நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை படிவங்களைப் பற்றிச் சொன்னதைக் கேளுங்கள். ஆந்திரத்தில் பார்த்த 9,543 படிவங்களில் 1,948 கைநாட்டு. 2,763இல் கையெழுத்துப் போட்டவர் விடுதிக் காப்பாளர். பெற்ற தாய் தகப்பன் உயிரோடு ஊரில் இருக்க, காப்பாளர் சம்மதம் தருகிறார். அதைச் சோதனை என்றுகூட அழைக்கவில்லை, செயல்விளக்கத் திட்டம் என்றார்கள்.

இந்த அலைகளுக்கும் உச்ச நீதிமன்றத்தில் மக்கள் அமைப்புகள் நடத்திய வழக்குக்கும் பிறகுதான் 2013இல் இழப்பீட்டு விதிகள் வந்தன. 2019இல் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள் வந்தன. அவற்றில் நமக்குப் பயன்படும் ஓர் இடம் இருக்கிறது. சோதனைக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். ஒரு பெண், ஒரு சட்ட வல்லுநர், மருத்துவம் சாராத ஒரு சாதாரணக் குடிமகன் கட்டாயம். பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். அந்தச் சாதாரணக் குடிமகன் யார்? உங்கள் மாவட்ட மருத்துவக் கல்லூரியின் குழுவில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் யாரென்று இந்த அரங்கில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே விதிகளில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. எளிதில் பாதிப்புக்கு உள்ளாகக் கூடியவர்களிடம் சம்மதம் பெறுவதை ஒளி, ஒலிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது விதி. ஆனால் அது முற்றிலும் புதிய மூலக்கூறு மருந்துகளுக்கு மட்டும்தான். ஏற்கெனவே இருக்கும் மருந்து, கருவி, சிகிச்சை முறை ஆகியவற்றைப் பச்சிளங்குழந்தையிடம் சோதிக்கும்போது அந்தக் கட்டாயம் இல்லை. குழந்தைகளிடம் நடக்கும் சோதனைகளில் பல இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

வார்டுக்கு வெளியே

சம்மதம் எப்படி வாங்கப்படுகிறது என்பதை நான் நேரில் கேட்ட ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் காலனிப் பெண். ஏழாம் மாதத்திலேயே பிரசவம். குழந்தை ஒன்றரைக் கிலோகூட இல்லை. பத்தொன்பது நாள் அரசு மருத்துவமனையில் வைத்திருந்து, குழந்தை தேறி வீடு வந்தது. பார்க்கப் போனபோது, கையெழுத்துப் போட்ட காகிதங்களில் ஒன்று ஏதோ ஆராய்ச்சிக்கானது என்று பேச்சுவாக்கில் சொன்னாள். கூடுதலாகக் கொஞ்சம் ரத்தம் எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கெடுதல் எதுவும் நடக்கவில்லை. ஒன்பதாவது வரை படித்தவள். படித்துப் பார்த்தாயா என்று கேட்டேன்.

"இல்லக்கா. நர்சம்மா நீட்டினாங்க, அஞ்சு எடத்துல போட்டேன். எதுக்குன்னு கேட்டா கோவிச்சுக்குவாங்களோன்னு இருந்துச்சு. புள்ள உள்ள இருக்குல்ல."

"புள்ள உள்ள இருக்குல்ல." தகவலறிந்த சம்மதம் பற்றி எழுதப்பட்ட புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய இருக்கும். அவை எல்லாம் பதில் சொல்ல வேண்டிய வாக்கியம் இது. குழந்தை அவர்கள் கையில், காகிதம் இவள் கையில். மறுத்தால் கவனிப்புக் குறையும் என்று யாரும் அவளை மிரட்டவில்லை. மிரட்ட வேண்டிய தேவையே இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கவுண்டருக்கு முன்னால், மேசைக்கு முன்னால், வாசலுக்கு வெளியே நின்ற உடம்புக்கு அது தானாகத் தெரியும். அந்தச் செவிலியரையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கு ஒரு வார்டு நிறையக் குழந்தைகள்.

இரண்டு சோதனைகள், இரண்டு பாடங்கள்

இனி அண்மையில் நடந்த இரண்டு சோதனைகள். இரண்டிலும் நம் நாட்டுக் குழந்தைகள் இருந்தார்கள். ஒன்றில் சென்னையும் இருந்தது.

பிறந்தவுடன் அழாத, மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட குழந்தையின் உடம்பைச் சுமார் 33.5 டிகிரிக்கு, 72 மணி நேரம் குளிரவைத்தால் மூளை சேதம் குறையும் என்பது பணக்கார நாடுகளில் நிறுவப்பட்ட சிகிச்சை. நம் நாட்டு மருத்துவமனைகள் சிலவும் அதைப் பின்பற்றத் தொடங்கியிருந்தன. 2015 முதல் 2019 வரை இந்தியா, இலங்கை, வங்கதேசத்தின் ஏழு மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் 'ஹீலிக்ஸ்' என்ற சோதனை நடந்தது. 2021இல் முடிவு வந்தது. குளிரவைத்த குழுவில் 36 சதவீதக் குழந்தைகளும், குளிரவைக்காத குழுவில் 24 சதவீதக் குழந்தைகளும் மருத்துவமனையிலேயே இறந்திருந்தன. அங்கே காப்பாற்றிய சிகிச்சை இங்கே சாவைக் கூட்டியது. கர்ப்பத்திலேயே தாயின் உடம்பும் குழந்தையின் உடம்பும் சந்திக்கும் நிலைமைகள் வேறு, மூளை பாதிக்கப்படும் விதமும் நேரமும் வேறாக இருக்கலாம் என்கிறார்கள்.

வெள்ளைக்கார நாட்டில் நிரூபணமானால் போதும் என்று எண்ணும் மனத்துக்கு இது பெரிய அடி. நம் குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்ததால்தான் இந்த உண்மை தெரிந்தது. தெரியாமல் போயிருந்தால் குளிரவைப்பது பரவியிருக்கும், சாவு விதி என்று எழுதப்பட்டிருக்கும். அதே நேரம், குளிரவைத்த குழுவில் இறந்த குழந்தைகளின் தாய்மாருக்கு இந்த உலகம் கடன்பட்டிருக்கிறது. அந்த முடிவு அவர்கள் மொழியில், அவர்கள் வீட்டு வாசலில் சொல்லப்பட வேண்டும். அது கடனில் முதல் தவணை.

இரண்டாவது, கங்காரு பராமரிப்பு. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஏழைகளின் மகப்பேறு மருத்துவமனையில், எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து வைக்கச் சொன்னார். இல்லாமையிலிருந்து பிறந்த மருத்துவம் அது. ஆனால் குழந்தை ஓரளவு தேறிய பிறகே அப்படி வைப்பது என்று வழக்கமானது. பிறந்த உடனேயே வைத்தால்? இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில், 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குக் கீழ் வரை எடையுள்ள 3,211 குழந்தைகளிடம் உலகச் சுகாதார நிறுவனம் சோதித்தது. இந்தியாவில் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. உடனே தாயிடம் வைத்த குழுவில் 28 நாட்களுக்குள் 12 சதவீதமும், மற்றதில் 15.7 சதவீதமும் இறந்தன. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். மற்றக் குழந்தைகளுக்கு இனியும் மறுப்பது நியாயம் இல்லை என்பதே காரணம்.

இந்தச் சோதனைக்காக ஒரு காரியம் செய்ய வேண்டியிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தாய்க்கு ஒரு கட்டில் போட வேண்டியிருந்தது. வழக்கமாக அவள் வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருப்பாள். அழுக்கு, கிருமி என்று சொல்லி வெளியே வைக்கப்பட்ட உடம்பு அது. அழுக்கு என்று தள்ளிவைப்பதற்கு இந்த நாட்டில் எவ்வளவு நீண்ட வரலாறு உண்டென்று இந்த அரங்குக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த உடம்புதான் மருந்து என்று அறிவியல் எண்களோடு நிரூபித்துவிட்டது. வெளியே நின்று கைநாட்டு வைக்க மட்டும் அழைக்கப்பட்டவள் உள்ளே வந்து சிகிச்சை ஆனாள். நல்ல சோதனை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், இதையே காட்டுவேன்.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே நம் கோரிக்கைகளைத் துல்லியமாக வைப்போம்.

ஒன்று, சம்மதம் வாங்குபவர் குழந்தைக்குச் சிகிச்சை தருபவராக இருக்கக் கூடாது. இயன்றவரை பிரசவ வலியில் கேட்கக் கூடாது, கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும்போதே ஊரில் பேசப்பட வேண்டும். மறுத்தாலும் கவனிப்பு மாறாது என்பதை வாயால் சொல்ல வேண்டும். படிவத்தின் ஒரு நகல் தாயின் கையில் இருக்க வேண்டும்.

இரண்டு, பச்சிளங்குழந்தைகளிடம் நடக்கும் எல்லாச் சோதனைகளுக்கும், மருந்து பழையதோ புதியதோ, சம்மதத்தைப் பதிவு செய்வது கட்டாயமாக வேண்டும்.

மூன்று, ஒப்பீட்டுக் குழுவுக்கு உலகில் இருக்கும் நல்ல சிகிச்சை தரப்பட வேண்டும். இங்கே எப்படியும் கிடைக்காது என்ற வாதம் செல்லாது. பலன் நிரூபணமான பிறகு அதே மருத்துவமனையில், அதே மக்களுக்கு அது இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

நான்கு, சோதனைகளில் சாதி பதிவாக வேண்டும். தேசியக் கணக்கெடுப்பு சாதிவாரியாகச் சிசு மரணத்தைக் கணக்கிடும்போது சோதனைகளால் முடியாதா? யார் உடம்பில் ஆபத்து ஏறுகிறது, யார் வீட்டுக்குப் பலன் போகிறது என்று அப்போதுதான் தெரியும்.

ஐந்து, நெறிமுறைக் குழுவின் அந்தச் சாதாரணக் குடிமகன் நாற்காலியில் நம் மக்கள் உட்கார வேண்டும். மாணவர்களே, இதற்குப் போராட்டத்துக்கு முன்னால் ஒரு மனு போதும். 2009 ஜூன் முதல் இந்தியாவில் சோதனைகளைத் தேசியப் பதிவேட்டில் பதிவது கட்டாயம். அந்தப் பதிவேட்டை யாரும் பார்க்கலாம். உங்கள் மாவட்டத்தில் நடக்கும் சோதனைகளைத் தேடி எடுங்கள். குழு உறுப்பினர் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

இப்போது தொடக்கத்தில் வைத்த கேள்விக்கு வருகிறேன். இலக்கிய மேடையில் ஆஸ்பத்திரி எதற்கு? சம்மதப் படிவம் ஓர் எழுத்து வடிவம் என்பதால்தான். தமிழில் எழுதப்படும் உரைநடையில் அதைப்போல ஓர் உயிர் தொங்கும் உரைநடை வேறு எது? ஆனால் அதை யார் எழுதுகிறார்கள்? ஆங்கிலத்தில் எழுதியதை வரிக்கு வரி பெயர்த்து, "பங்கேற்பாளருக்கு ஏற்படக்கூடிய பாதகமான நிகழ்வுகள்" என்று ஏழெட்டுப் பக்கம் அச்சடித்தால் எந்தத் தாய் படிப்பாள்? "இந்த ரெண்டு வைத்தியத்துல எது நல்லதுன்னு எங்களுக்கே இன்னும் தெரியாது. ஒன்னுல குழந்தை சாகறதுக்கு வாய்ப்பு கூட இருக்கலாம். எந்த வைத்தியம் உங்க குழந்தைக்குன்னு சீட்டுப் போட்டுத்தான் முடிவாகும். வேணாம்னு சொன்னாலும் உங்க குழந்தைய இதே மாதிரி பாத்துக்குவோம்" என்று எழுதக் கூடாதா? நான்கே வாக்கியம். கைநாட்டு வைக்கிறவளுக்கும் வாசித்துக் காட்டினால் புரியும்.

நம் வாழ்வை நம் மொழியில் எழுதுவோம் என்று சொல்லித்தான் தலித் இலக்கியம் எழுந்தது. அந்த மொழி நாவலில் மட்டும் இருந்தால் போதாது, வார்டு வாசலில் நீட்டப்படும் காகிதத்திலும் இருக்க வேண்டும். இந்த மன்றம் ஒரு சிறு குழுவை அமைக்கட்டும். ஒரு மருத்துவர், ஒரு வழக்கறிஞர், இரண்டு எழுத்தாளர்கள், குறைமாதக் குழந்தையை வளர்த்த இரண்டு தாய்மார். மாவட்டத்தில் நடப்பில் இருக்கும் சம்மதப் படிவங்களைக் கேட்டு வாங்கி, தாய்மார் முன் உரக்க வாசித்து, அவர்களுக்குப் புரியாத வரிகளைக் குறித்து, திருத்தி எழுதி, நெறிமுறைக் குழுவுக்கு அனுப்புவோம். அடுத்த ஆண்டு இதே மேடையில் அந்தப் படிவங்களை வெளியிடலாம்.